செயின்ட் ஆங்கர் ஸ்னேர்: மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா?

பழையகேசட்

நேற்று இன்னோர் இழையில் தலையாட்டி என்கிற அன்பர், மெட்டாலிக்கா என்கிற அமெரிக்க மெட்டல் குழுவின் 2003 ஆல்பமான செயின்ட் ஆங்கரைப் பற்றி ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். "செயின்ட் ஆங்கர் ஆல்பத்தின் ஸ்னேர் சத்தத்தைக் குறை சொல்கிறவர்களுக்கு டிரம்ஸ் தெரியாது. லார்ஸ் உல்ரிச் அதை வேண்டுமென்றே செய்தார். அது துணிச்சல்." அங்கேயே பதில் போட்டிருப்பேன், அதற்குள் இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே.

துணிச்சல் இல்லை தம்பி, மறதி. ஒருநாள் ஸ்னேரைப் போட (அதாவது டிரம்மின் அடியில் உள்ள கம்பியைத் தோலோடு சேர்க்க) மறந்துவிட்டதாகவும், பதிவைத் திரும்பக் கேட்டபோது அந்தச் சத்தம் பிடித்துப்போனதாகவும் குழுவின் டிரம்மர் லார்ஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மறந்துவிட்டேன் என்பது அவர் வாயால் வந்தது. தகர டின்னைத் தட்டுகிற மாதிரி 75 நிமிடம் நம்மைக் கேட்க வைத்ததற்குக் காரணம் ஒரு மறதி. இதற்குப் போய் மாலை மரியாதை செய்கிறார்கள்.

1986-இல் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் தந்த மெட்டாலிக்கா இது. கிளிஃப் பர்ட்டன் பாஸ் வாசித்த குழு இது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2003 ஜூனில் ஆல்பம் வந்தவுடன் ஹெட்போனில் முதல் பாட்டைப் போட்டேன். ஹெட்போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். வேறொன்றை மாட்டினேன். அதிலும் டங். அன்றோடு அந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு.

தலையாட்டி

அந்த இழையைப் பூட்டியதே நீங்கள் வரிசையாகப் போட்ட பதினான்கு பதிலால்தான். அதை ஏன் சொல்லவில்லை?

அதே பேட்டியை முழுதாகப் படியுங்கள். மறந்தார், சரி. அப்புறம்? பிடித்துப்போனது என்று வருகிறதே, அது கண்ணில் படவில்லையா? பிடித்தது, அதனால் அப்படியே வைத்துக்கொண்டார். அதற்குப் பெயர் முடிவு. ஒரு நாள் மறக்கலாம். 11 பாட்டுக்கும் மறக்க முடியுமா?

பழையகேசட்

"மறந்தார், சரி." நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. இழை முடிந்தது.

தலையாட்டி

பாதி வரியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வெற்றி முழக்கம். உங்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

அமைதிப்பூங்கா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'வேண்டுமென்றே' என்பதற்கு என்ன பொருள் வைத்துப் பேசுகிறீர்கள்? செய்யும்போதே நினைத்துச் செய்வதா, செய்த பிறகு ஏற்றுக்கொள்வதா? அதை முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

பழையகேசட்

பொருள் எல்லாம் அகராதியில் இருக்கிறது ஐயா. மறந்தாரா இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

இரட்டைமிதி

பன்னிரண்டு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்னேர் டிரம்மின் கீழ்த்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் இருக்கும். மேலே அடித்தால் அவை கீழ்த்தோலில் படபடத்து அந்தச் 'சர்ரக்' என்ற ஒலியைத் தரும். பக்கத்தில் ஒரு சின்ன லிவர். அதைத் தள்ளினால் கம்பி தோலை விட்டு விலகிவிடும். அப்புறம் அது ஸ்னேரே இல்லை, வெறும் உருளை. இறுக்கிக் கட்டிய தோலாக இருந்து, மேலே ஒட்டு எதுவும் போடாமல் விட்டால், அடித்த பிறகும் ஒரு உலோக ரீங்காரம் நீளும். செயின்ட் ஆங்கரில் கேட்பது அதுதான்.

ஏன் அந்த லிவரைத் தள்ளுவார்கள் என்றால், பக்கத்தில் ஒருவர் பாஸ் கிட்டாரைச் சுருதி சேர்த்தால் போதும், யாரும் தொடாமலே ஸ்னேர் கம்பி இரையத் தொடங்கிவிடும். எரிச்சலாக இருக்கும். அதனால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கம்பியை இறக்கி வைப்போம். திரும்பப் போட மறப்பதும் உண்டு. எனக்கே மேடையில் நடந்திருக்கிறது. நாலு எண்ணி முதல் அடி விழுகிறது, 'டொங்'. கிட்டார்காரர் வாசித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. இடது கைக் குச்சியின் நுனியாலேயே லிவரைத் தட்டிப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

பழையகேசட்

கேட்டுக்கொள்ளுங்கள். டிரம்மரே சொல்கிறார். மறதி.

இரட்டைமிதி

அண்ணே, உங்களுக்கு ஆதரவாக நான் பேசவில்லை. மறந்தவன் இரண்டாவது அடிக்குள் சரி செய்துவிடுவான் என்றுதான் சொல்ல வந்தேன்.

பழையகேசட்

சரி செய்யத் தெரிந்தவன் சரி செய்வான். அவர் செய்யவில்லை. ஆக, மறந்தார், சரி செய்யவும் இல்லை. இரட்டைக் குற்றம்.

நாலுகம்பி

லார்ஸ் சத்த விஷயத்தில் மறக்கிற ஆள் என்பதே நம்பும்படியாக இல்லை. 1988-இல் வந்த அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். பாஸ் எங்கே? தேடிப் பாருங்கள், கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். அதை மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்ப்சன், பாஸைக் குறைக்கச் சொன்னவர் லார்ஸ்தான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். குறைத்தும் போதாமல் இன்னும் குறைக்கச் சொன்னாராம். கிளிஃப் விபத்தில் போனபிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட், குழுவோடு முழு ஆல்பம் வாசித்ததே அப்போதுதான். அவர் வாசித்ததை ஊர் கேட்கவே இல்லை. இப்படி ஒவ்வொரு டெசிபலுக்கும் கணக்குப் பார்த்தவர், தன் டிரம்மில் கம்பி இல்லாததை மட்டும் கவனிக்காமல் விட்டாரா? வேண்டுமென்றுதான். ஆனால் துணிச்சல் இல்லை. நான் வைத்ததுதான் சட்டம் என்கிற திமிர்.

தலையாட்டி

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதி வேண்டாம்.

பழையகேசட்

நாலுகம்பி தம்பி, ஜஸ்டிஸ் வேறு கதை. அது நல்ல ஆல்பம். பாஸ் இல்லாமலே நல்ல ஆல்பம். அதை இழுத்து இதைக் காப்பாற்ற வேண்டாம்.

நாலுகம்பி

முதலில், நான் தம்பி இல்லை. இரண்டாவது, "பாஸ் இல்லாமலே நல்ல ஆல்பம்" என்று ஒரு பாஸ் வாசிப்பவளிடம் சொல்ல எப்படி மனசு வந்தது? லார்ஸ் செய்த அதே வேலையை நீங்களும் செய்கிறீர்கள். ஸ்னேர் கம்பி இல்லை என்று இருபது வருடமாக ஒப்பாரி வைக்கிறீர்கள், ஒரு முழு மனிதனைக் காணோம் என்பதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பழையகேசட்

சரி, தங்கச்சி. மன்னிக்கவும். ஆனாலும் மறந்தார்.

நாலுகம்பி

தங்கச்சியும் இல்லை. என் வயது உங்களுக்கு எப்படித் தெரியும்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

லோடுவண்டி

எல்லோரும் 2003 பற்றிப் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது. இந்தக் குழு மேல் மனம் விட்டுப்போன ஆண்டு ஆளுக்கு ஒன்று. 1984-இல் ஃபேட் டு பிளாக் பாட்டு வந்தபோதே மென்மையான கிட்டாரா, போச்சு என்று அங்கலாய்த்தார்கள். வீடியோ எடுக்க மாட்டோம் என்று திரிந்தவர்கள் 1989-இல் ஒன் பாட்டுக்கு எடுத்தார்கள், அதற்கும் துரோகம் என்றார்கள். 1991-இல் பிளாக் ஆல்பம்: பாட்டு நீளம் குறைந்தது, வேகம் குறைந்தது, தயாரிப்பாளர் பாப் ராக் வந்தார், அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. அதற்கும் துரோகம். 1996-இல் லோட் வந்தபோது முடியை வெட்டினார்கள். அடேயப்பா, தலைமுடிக்காக எத்தனை பேர் சாப்பிடாமல் கிடந்தார்கள்! பழையகேசட் அண்ணன் உட்பட. மூன்று வருடத்துக்கு முன் இங்கேயே அவர் எழுதியது இருக்கிறது: "கூந்தல் போனபோதே குழு போனது."

அப்படியானால் 2003-இல் மறுபடியும் எப்படிக் கும்பிடு போட்டீர்கள் அண்ணே? 1996-லேயே போட்டாயிற்றே?

பழையகேசட்

லோடுவண்டி வந்துவிட்டதா? இந்த இழைக்கு இது ஒன்றுதான் குறை.

1996-இல் நான் சொன்னது முடியைப் பற்றி மட்டும் இல்லை. லோகோவை மாற்றினார்கள். கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். மெட்டலுக்குச் சம்பந்தமில்லாத மாற்று ராக் இசைக்கான லோலாபலூசா விழாவில் தலைமைக் குழுவாக வந்து நின்றார்கள். அங்கே வருகிற கூட்டமும் இவர்கள் எங்கே இங்கே என்றது. இரண்டு பக்கமும் சேராமல் நின்ற ஆல்பம் அது. 79 நிமிடம். அதில் நாற்பதை வெட்டி எறிந்திருக்கலாம். அந்தப் பெயரை நீங்கள் சூட்டிக்கொண்டு திரிவதற்கே ஒரு தனி மனசு வேண்டும்.

மன்னிப்பது என்று ஒன்று உண்டு. 1996-இல் கோபப்பட்டேன், 1999-இல் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்ததைக் கேட்டு மன்னித்தேன். 2000-இல், இணையத்தில் பாட்டுப் பகிரும் நாப்ஸ்டர் மேல் போட்ட வழக்கில் மறுபடி கோபம். 2003-இல் முழு முடிவு. இதில் என்ன முரண்பாடு?

லோடுவண்டி

நாப்ஸ்டருக்கு எதற்கு உங்களுக்குக் கோபம்? பாட்டுப் பகிர்ந்தவர்கள் என்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை லார்ஸ் தாளில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாரே, அந்தக் கட்டுக்குள் 'பழையகேசட்' என்று ஒன்று இருந்ததோ?

பழையகேசட்

நான் காசு கொடுத்து வாங்கியவன். ஒவ்வொன்றும் கேசட்டில் ஒரு தடவை, சிடியில் ஒரு தடவை. என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க உங்களுக்கு உரிமை இல்லை. ரசிகனையே திருடன் என்று பட்டியல் போட்டார்கள் என்பதுதான் என் கோபம். இதைத் திரும்பப் பெறவும்.

லோடுவண்டி

கேள்விக்குறி போட்டிருந்தேன் அண்ணே. கேள்வியை எப்படித் திரும்பப் பெறுவது?

தலையாட்டி

நாப்ஸ்டர் விஷயத்தில் லார்ஸ் சொன்னது சரி என்று இன்றைக்குப் பல இசைக்காரர்களே சொல்கிறார்கள். வேலை முடியாத ஒரு பாட்டு, ஒரு படத்துக்காகச் செய்துகொண்டிருந்த பாட்டு, குழு வெளியிடுவதற்கு முன்பே ரேடியோவில் ஓடினால் யாருக்குத்தான் கோபம் வராது?

பழையகேசட்

பேச்சை மாற்றாதீர்கள். மறந்தாரா இல்லையா?

அமைதிப்பூங்கா

'துரோகம்' என்ற சொல் இரண்டு தடவை வந்துவிட்டது. ஒரு குழு ரசிகனுக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தால் அதை மீறுவது துரோகம்? அதே மாதிரி வாசிப்போம் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

இரட்டைமிதி

அந்த ஸ்னேரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ஆல்பம் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தது இல்லை. அறையில் உட்கார்ந்து மணிக்கணக்காக வாசித்ததைப் பதிந்து, புரோ டூல்ஸ் என்கிற கணினி மென்பொருளில் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார்கள். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 2001-இல் மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் வேலை செய்வேன் என்றார். பாஸ் வாசிக்க ஆள் இல்லை, நியூஸ்டெட் 2001 தொடக்கத்திலேயே போய்விட்டார், பாப் ராக்கே வாசித்தார். இப்படிப் பல மாதம் நடந்த வேலை. வெட்டும்போதும் ஒட்டும்போதும் அந்த டங்கை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள்? மறதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் நல்ல சத்தம் என்று சொல்லவும் எழவில்லை. அது வேறு.

பழையகேசட்

பல மாதம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை என்றால் அது இன்னும் பெரிய மறதி.

நாலுகம்பி

பழையகேசட், இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

தலையாட்டி

அந்த நாட்களை அப்படியே படம்பிடித்து 2004-இல் ஆவணப்படமாக விட்டார்களே, சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர். மாதம் 40,000 டாலர் வாங்கிய மனநல ஆலோசகர், ஒருவரையொருவர் மூஞ்சிக்கு நேரே திட்டுவது, எல்லாம் அதில் இருக்கிறது. எந்தக் குழு தன் அழுக்கை இப்படி வெளியே போடும்? சண்டை போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் அது. அழகாக இருந்தால்தான் பொய். எனக்கு அப்போது பதினாறு வயது. பப்பெட்ஸ் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். நான் உள்ளே வந்த கதவே செயின்ட் ஆங்கர்தான்.

பழையகேசட்

அதே படத்தில் லார்ஸின் அப்பா டோர்பன் உல்ரிச் ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, நானாக இருந்தால் அழித்துவிடுவேன் என்கிற மாதிரி சொல்கிறார், பார்த்தீர்களா? பெற்ற அப்பா! அந்தப் பெரியவர் தாடிக்கு ஒரு கும்பிடு.

தலையாட்டி

அவர் ஸ்னேரைப் பற்றிச் சொல்லவில்லை.

பழையகேசட்

ஸ்னேர் அல்லாததைக் கேட்டே அழி என்றார். ஸ்னேரைப் பற்றிக் கேட்டிருந்தால்?

லோடுவண்டி

கிட்டார் வாசிக்கும் கிர்க் ஹாமெட் பாவம். சோலோ, அதாவது தனி கிட்டார் வாசிப்பு, ஒன்றுகூட இல்லை அந்த ஆல்பத்தில். சோலோ வைக்காமல் விட்டால் இந்தக் காலத்தோடு ஆல்பம் பழசாகிவிடும் என்று படத்திலேயே வாதாடுகிறார். யாரும் காது கொடுக்கவில்லை. எனக்கு ஸ்னேரைவிட அதுதான் வலி. ஆனால் அதைப் பற்றிப் பேச இங்கே ஆள் இல்லை. கம்பி, கம்பி, கம்பி.

நாலுகம்பி

கிர்க்குக்கு வருத்தப்படுகிறவர் ஜேசனுக்கு வருத்தப்படவில்லை. கிட்டார்காரர்கள் எப்போதுமே அப்படித்தான்.

லோடுவண்டி

நான் கிட்டார்காரன் என்று யார் சொன்னது? எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது.

இரட்டைமிதி

2008-இல் வந்த டெத் மேக்னெட்டிக் ஆல்பம் நினைவிருக்கிறதா? ஸ்னேரைச் சரி செய்தார்கள், சோலோ வந்தது, பாட்டு நீண்டது. கேட்டால் காது கிழிந்தது. எல்லாவற்றையும் உச்சத்துக்கு நசுக்கி வைத்திருந்தார்கள். கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் வந்த பதிப்பு அதைவிடத் தெளிவாக இருந்தது. மறுபடி மிக்ஸ் செய்யுங்கள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டார்கள். ஆக, சத்தத்தில் கோட்டை விடுவது இவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.

பழையகேசட்

அந்த மனுவில் என் கையெழுத்தும் உண்டு.

லோடுவண்டி

2003-லேயே முழு முடிவு என்றீர்களே அண்ணே?

பழையகேசட்

முடிந்தவன் மனுப் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

தலையாட்டி

ஒரே ஒரு கேள்வி. பல வருடம் கழித்தும் லார்ஸ் அந்த ஸ்னேரை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினார். அந்த நேரத்து உண்மை அதுதான் என்றார். மறந்து செய்தவன் இப்படி வாதாடுவானா?

பழையகேசட்

மறந்து செய்தவன்தான் வாதாடுவான். வேண்டுமென்று செய்தவனுக்கு எதற்கு வாதம்? நான் இதைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை. பேசிப் பயன் இல்லை. இசை கேட்கும் காது வேறு, வக்காலத்து வாங்கும் காது வேறு. வருகிறேன்.

அமைதிப்பூங்கா

'காது' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று

அமைதிப்பூங்கா

மன்னிக்கவும், பாதியில் அனுப்பிவிட்டேன். வேண்டாம், விடுங்கள்.

பழையகேசட்

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். தலையாட்டி "அந்த நேரத்து உண்மை" என்று மேற்கோள் காட்டுகிறார். அந்த நேரத்து உண்மை என்ன? ஸ்னேர் கம்பி போடாமல் இருந்தது. ஏன் போடாமல் இருந்தது? மறந்ததால். திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறது.

கிராமி கொடுத்தார்களே என்று யாரும் வர வேண்டாம். 2004-இல் தலைப்புப் பாட்டுக்குக் கொடுத்தார்கள், தெரியும். 1989-இல் ஜஸ்டிஸ் இருக்க, புல்லாங்குழல் வாசிக்கும் ஜெத்ரோ டல் என்கிற ராக் குழுவுக்குக் கொடுத்த அதே கிராமிதான்.

தலையாட்டி

கிராமி பற்றி இங்கே யாருமே பேசவில்லை.

பழையகேசட்

பேசுவீர்கள் என்று தெரியும். முன்கூட்டியே சொன்னேன்.

நாலுகம்பி

ஜஸ்டிஸ் ஆல்பத்துக்கு நீங்கள் வாதாடுவதைப் பார்த்தால் ஜேசனுக்குச் சிரிப்பு வரும்.

லோடுவண்டி

அண்ணே, அந்த ஆல்பத்தைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

பழையகேசட்

நேற்று இரவு. 75 நிமிடமும். தலையாட்டி சொன்னது சரிதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாவது பாட்டில் ஓர் இடத்தில் கம்பி போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்து அதை மட்டும் நாலு தடவை கேட்டேன். இல்லை. அங்கேயும் டங்தான்.

தலையாட்டி

நாலு தடவையா?

பழையகேசட்

சரிபார்த்தேன் என்றேன். கேட்டேன் என்று சொல்லவில்லை.

லோடுவண்டி

"நாலு தடவை கேட்டேன்" என்று மேலே நீங்களே

பழையகேசட்

பாதி வரியைக் கத்தரிக்காதீர்கள்.